லண்டன் நேரத்து ராகுகாலம்

சுலோஜனாவின் புருஷன் லதீசன் கந்தளாய் வீதியில் டிப்பர் மோதிச் செத்தான். மணல் ஏற்றிய டிப்பர். ஓட்டியவன் இரண்டு நாளாக நித்திரை கொள்ளவில்லை. கொள்ள விடவில்லை அவனுடைய முதலாளி. பிறேக் தேய்ந்து கிடந்தது என்று பொலிஸ்காரரே சொன்னார்கள். ஆனால் லதீசன் ஏன் செத்தான் என்று அவர்களுடைய ஊரான சல்லியில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும்: பெண்சாதியின் சாதகத்தில் செவ்வாய். டிப்பர் முதலாளி அடுத்த கிழமையே புதுச் சாரதி ஒருவனை ஏற்றி மணல் அள்ளப் போய்விட்டார். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிவப்பு உருண்டை கொலைகாரன் ஆனது. அதற்கு உடந்தையாகச் சுலோஜனா.

செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் அவளுடைய பொட்டை அழிக்கச் சொன்னார்கள். "அழிச்சால் அவர் எழும்பி வருவாரோ?" என்று கேட்டாள். அதோடு அவளுக்கு வாய்க்காரி என்ற பெயரும் சேர்ந்தது. முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்ததும் சாமான்களைக் கட்டிக்கொண்டு உப்புவெளிக்குப் போய் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தாள். அங்கே கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அரைக் காற்சட்டையோடு திரிவதைப் பார்த்துப் பழகிய அயல், ஒரு கைம்பெண் சிவப்புப் பொட்டு வைப்பதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாலு வருடமாகக் காலை பஸ்ஸில் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.

வேலை உட்துறைமுக வீதியில். கீழே வலையும் நைலோன் கயிறும் விற்கும் கடை. மேலே யோகலிங்கத்தின் கொம்பனி. ஜன்னலால் பார்த்தால் துறைமுகமும் அக்கரையில் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் தெரியும். வாசலில் எந்நேரமும், நகரத்துக்குள் திரியும் மான்கள் இரண்டு மூன்று நின்று, கடைக்காரர் எறியும் மட்டைப்பெட்டிகளைச் சப்பிக்கொண்டிருக்கும். யோகலிங்கம் சிங்கப்பூரில் பொறியியல் படித்தவர். அந்தப் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதற்கு நேர் கீழே பஞ்சாங்கம் தொங்குகிறது. பட்டத்தில் தூசி படிந்திருக்கும். பஞ்சாங்கத்தில் படிந்து யாரும் பார்த்ததில்லை.

சங்கங்களுக்கும் கடைகளுக்கும் வேண்டிய மென்பொருளைத் தங்கள் சேர்வர்களில் வைத்து நடத்திக் கொடுப்பது கொம்பனியின் தொழில். அந்தச் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது சுலோஜனா. பின்னறையில் குளிரூட்டியின் இரைச்சலுக்குள் ஆறு கணினிகள் ஒரே கூட்டமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மென்பொருள்களைத் துறைமுகத்துக் கொள்கலன்கள் போலத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து இந்தக் கூட்டத்தில் ஏற்றிவிடுவார்கள். எந்தப் பெட்டி எந்தக் கணினியில் இருக்கும் என்பதைக் கூட்டமே பார்த்துக்கொள்ளும். ஒரு கணினி விழுந்தால் அதிலிருந்த பெட்டி இன்னொன்றில் எழும்பும். ஆனால் எழும்பும்போது வெறும் பெட்டியாகத்தான் எழும்பும். உள்ளே இருந்த தகவல் போய்விடும். ஆகையால் அழியக்கூடாத தகவலை வைக்கப் பெட்டிக்கு வெளியே ஒரு நிலையான இடம் வேண்டும். அதை வொலியூம் என்பார்கள். மென்பொருள் தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும். அதற்கென்றே இருக்கும் வேறொரு நிரல் பெரிய வட்டுத்தொகுதியில் அவ்வளவு இடத்தை வெட்டி எடுத்துக் கொடுக்கும். அந்த நிரலுக்குச் சுலோஜனா வைத்த பெயர் ஸ்டோர்கீப்பர். அவன் இருந்தால் கேட்ட சில விநாடிக்குள் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் கேட்டவன் வரிசையில் நிற்கவேண்டியதுதான். திரையில் 'பெண்டிங்' என்று நிற்கும்.

அந்த வருடம் ஐப்பசியில் கொம்பனிக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. திரியாயிலிருந்து மூதூர் வரைக்கும் சிறு படகுகளில் தொழிலுக்குப் போகிறவர்களின் கைபேசிக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் திட்டம். எந்தப் படகு எங்கே போனது, யார் திரும்பிவிட்டார்கள், யார் இன்னும் இல்லை என்பதையும் அது வைத்திருக்கும். கேட்டது கிண்ணியாவில் படகுகள் வைத்திருக்கும் ஸைனுலாப்தீன் ஹாஜியார் தலைவராக இருக்கும் சங்கம். வாடைக் காற்று பலக்க முன்னர் தொடங்கவேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

சுலோஜனா ஒரு மாதம் பாடுபட்டு எல்லாவற்றையும் கட்டி முடித்தாள். பரீட்சித்துப் பார்த்தாள். காலையில் பார்த்தாள், மத்தியானத்துக்கு முன் பார்த்தாள். கேட்ட இடம் கேட்டவுடன் வந்தது. "ரெடி சேர்" என்றாள்.

"ரெடி எண்டவுடன தொடங்க ஏலுமே?" என்றார் யோகலிங்கம். சாத்திரியாரிடம் ஆள் போனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நல்ல நேரம் என்று வந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜியாரும் சங்கத்து ஆட்கள் சிலரும் வந்தார்கள். பின்னறை வாசலில் குத்துவிளக்கு. அவர்களுக்காகத் தனியே பேரீச்சம்பழமும். சுலோஜனா கட்டளையைக் கொடுத்தாள். பெண்டிங். ஒரு நிமிடம் பார்த்தாள். பெண்டிங். ஏன் என்று பார்க்க அடுத்த கட்டளையை அடிக்கத் தொடங்கவும் யோகலிங்கம் அவளுடைய தோளுக்கு மேலால், கொடுத்ததை அழிக்கச் சொல்லிப் பதறினார்.

"அழியும், அழியும்! முழுக்க அழியும்!"

"கொஞ்சம் பொறுங்கோ சேர், என்ன எண்டு பாக்கிறன்."

"தடக்குப்பட்ட தொடக்கம் நிக்கக்கூடாது. நிண்டால் முழுக்கத் தடக்குத்தான். அழிச்சுப்போட்டு வேற நாள் பாப்பம்."

கலியாண வீட்டில் விளக்கு அணைந்தால் எப்படிப் பதறுவார்களோ அப்படிப் பதறினார். வந்தவர்களுக்கு முன்னால் முதலாளியோடு வாதாட விரும்பாமல் அவள் அழித்தாள். அதுதான் அவள் விட்ட பிழை. வரிசையில் நின்றவனை விரட்டிவிட்டால் அவன் ஏன் நின்றான் என்று பிறகு யாரைக் கேட்பது?

விருந்தினர் போனபின், ஆறு மணிபோல் தானே ஒருமுறை செய்து பார்த்தாள். விநாடிக்குள் இடம் வந்தது. வட்டில் இடம் போதுமா, அனுமதிகள் சரியா, பெயர்கள் பொருந்துகின்றனவா என்று ஒன்றொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரி. ஸ்டோர்கீப்பரின் பதிவுகளைப் பார்த்தாள். அதிலும் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பதிவு அன்று பின்னேரம்தான் தொடங்கியிருந்தது, ஸ்டோர்கீப்பர் அப்போதுதான் புதிதாகப் பிறந்தவன் போல. அது கண்ணில் பட்டது, ஆனால் உறைக்கவில்லை. வட்டுத்தொகுதியை விற்ற கொழும்புக்காரர்மேல் பழியைப் போட்டு, சூடாக ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அவர்கள் தங்கள் பக்கம் தவறில்லை என்று படம் படமாக நிரூபித்துப் பதில் போட்டார்கள். மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுத வேண்டியதாயிற்று. ஆதாரம் கிடைக்குமுன் குற்றவாளியைப் பிடிப்பது சல்லிக்காரருக்கு மட்டும் வாய்த்த குணம் இல்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நல்ல நேரம் திங்கட்கிழமை ஒரு மணி தாண்டி. அன்று காலை பத்து மணிக்கு அவள் பரீட்சித்துப் பார்த்தாள், வந்தது. ஒன்றேகால் போல் விளக்கு ஏற்றினார்கள், கட்டளை கொடுத்தாள், பெண்டிங். "அழியும்!" என்றார் யோகலிங்கம். இந்த முறை அவள் கையை எடுத்துக்கொண்டு, "அழிக்க ஏலாது, பாக்கவேணும்" என்றாள். அவர் பக்கத்திலிருந்த நௌபரைக்கொண்டு அழிப்பித்தார்.

நௌபர் கிண்ணியாக்காரன். அவளோடு வேலை செய்பவன், கெட்டிக்காரன். ஒரேயொரு குறை: யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். வெள்ளிக்கிழமைத் தோல்விக்குப் பிறகு அவன் தன் பங்குக்கு ஒரு போத்தலில் பள்ளிவாசலில் ஓதின தண்ணீர் கொண்டுவந்து சேர்வர்களுக்கு மேலே வைத்திருந்தான்.

"அது கவிண்டு உள்ளுக்க ஊத்துப்பட்டால் ஆறு மெஷினும் முடிஞ்சுது" என்றாள் சுலோஜனா.

"மூடி இறுக்கித்தான் அக்கா வச்சிரிக்கி."

குத்துவிளக்கு ஒரு பக்கம், ஓதின தண்ணீர் மறுபக்கம். நடுவில், பத்துப் படகு வாங்கப் போதுமான பெறுமதியுள்ள இயந்திரங்கள். இந்த ஊரில் சமயங்கள் சண்டைபிடிக்கும் என்று சொல்கிறார்கள். முட்டாள்தனத்தில் அவை எவ்வளவு ஒற்றுமை என்பதைப் பார்க்க அந்தப் பின்னறைக்கு வரவேண்டும்.

திங்கட்கிழமை பின்னேரம் யோகலிங்கம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். கதிரையைக் காட்டினார். குரல் குழைந்திருந்தது. குழைந்த குரலில்தான் இந்த ஊரில் பெரிய அநியாயங்கள் எல்லாம் சொல்லப்படும்.

"சுலோஜனா, பிழையா எடுக்கக்கூடாது. நீர் தனிய நிண்டு செய்யேக்க சரிவருது. நல்ல நேரத்தில, விளக்கு ஏத்தித் தொடங்கேக்க மட்டும் வருதில்லை. ரெண்டு முறையும் கை வச்சது நீர்தான்."

"வேற ஆர் சேர் கை வைக்கிறது? அது என்ர வேலை."

"அதைத்தான் சொல்லுறன். மங்களமான காரியத்துக்கு... உமக்குத் தெரியும்தானே. நான் சொல்லேல்லை, சாத்திரியார் சொல்லுறார்."

"சாத்திரியார் என்ன சொன்னவர்? வாயைத் திறந்து சொல்லுங்கோ."

அவர் மேசையிலிருந்த பேனையைப் பார்த்தார். "சனிக்கிழமை மூண்டு மணிக்குப் பிறகு கடைசியா ஒரு நேரம் இருக்கு. கணக்குப் பகுதியில இருக்கிற நிருஜா கை வைக்கட்டும். அவ மஞ்சள் குங்குமத்தோட இருக்கிற பிள்ளை. நீர் அண்டைக்கு அந்த அறைக்குள்ள வரவேண்டாம். அது சரிவந்தால் திங்கள் தொடக்கம் நீர் பில் போடுற பகுதிக்குப் போம். சம்பளத்தில கை வைக்க மாட்டன்."

படித்த மனிதர் ஒருவர் ஒரு பரிசோதனையைக் கட்டியிருந்தார். ஒரு பக்கம் கைம்பெண், மறுபக்கம் சுமங்கலி. இடையில் ஒரு சேர்வர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் பார்த்திருந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டிருக்கும்.

பஸ்ஸில் உப்புவெளிக்குப் போகும்போது சுலோஜனா கணக்குப் பார்த்தாள். சனிக்கிழமை அது ஓடினால், காரணம் எதுவாயிருந்தாலும், அவளுடைய நெற்றியில் முத்திரை குத்தியாகிவிடும். பதினைந்து வருடம் கற்ற தொழில் போய்விடும். சல்லியில் சொன்னதை இனி நகரமும் சொல்லும். அது ஓடாவிட்டால் வாடை தொடங்கும்போது படகுக்காரருக்கு எச்சரிக்கை இல்லை. வீட்டிலிருந்தபடியே ஒரு கட்டளையால் சனிக்கிழமை வேலையைக் கெடுக்க அவளால் முடியும். யாருக்கும் தெரியவராது. அந்த நினைப்பு கன்னியா வீதிச் சந்தி வரைக்கும் கூட வந்தது. பிறகு அவளுக்கே அருவருத்தது. கெடுத்தால் அவள் உண்மையிலேயே கெட்ட கைதானே?

சனிக்கிழமை வந்தது. வானம் மூடிக்கட்டியிருந்தது, துறைமுகத்துத் தண்ணீர் ஈயம்போல் கிடந்தது. ஹாஜியார் முதல் ஆளாக வந்தார். பின்னறை வாசலுக்கு வெளியே நடைபாதையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சுலோஜனா இருப்பதைக் கண்டு நின்றார்.

"என்ன மகள், வேலைக்காரி வெளிய, வேடிக்கை பாக்கிற ஆக்கள் உள்ளயா?"

"எனக்கு உள்ளுக்க வரத் தடை ஹாஜியார். என்ர ராசி மெஷினுக்குக் கூடாதாம்."

அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார். "இதென்ன கதை" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனார். போய் எதுவும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் பலரும் இந்த இடத்தில் ஒன்றும் சொல்வதில்லை.

நிருஜா பட்டுச்சேலையோடு வந்தாள். கதவடியில் சுலோஜனாவைக் கண்டு முகம் சுருங்கினாள்.

"எனக்கு இந்த எழவு ஒண்டும் தெரியாது அக்கா. எண்டர் அமத்து எண்டு சொன்னவை. அமத்திப்போட்டு ஓடுவன். கோவிக்காதேங்கோ."

"உன்னில எனக்கென்ன கோவம்? வடிவா அமத்து."

கதவு திறந்தபடியே இருந்தது. விளக்கு ஏறியது. சூட மணம் வந்தது. நௌபர் எழுதி வைத்திருந்த கட்டளைக்கு நிருஜா கண்ணை மூடிக்கொண்டு எண்டர் அமத்தினாள். உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றது நடைபாதை வரை தெரிந்தது.

"என்ன, வந்திட்டுதோ?" என்றார் யோகலிங்கம்.

"பெண்டிங் சேர்" என்றான் நௌபர்.

சுமங்கலியின் கை. மஞ்சள், குங்குமம், பட்டுச்சேலை. பெண்டிங்.

பிறகு யோகலிங்கத்தின் சிங்கப்பூர் மூளை வேலை செய்தது. "நேற்று முழுக்க அவதானே இந்தக் கதிரையில இருந்தவ. கதிரையை மாத்தச் சொன்னனான், மாத்தினியளே? இப்பவும் வாசலுக்கு நேர இருக்கிறா. நௌபர், அழியும் கெதியா!"

சுலோஜனா எழும்பினாள். பிளாஸ்ரிக் கதிரை பின்னால் சரிந்து விழுந்தது.

"நௌபர், விசைப்பலகையில கை வச்சியோ, கையை முறிப்பன்!"

அவள் உள்ளே வந்துவிட்டாள். யோகலிங்கம் குறுக்கே வந்து, "சுலோஜனா, சொன்னது மறந்திட்டுதோ?" என்றார்.

"மறக்கேல்லை சேர். நான் இல்லாமல் செய்து பாக்கிறது எண்டுதானே கதை? பாத்தாச்சு. நான் இல்லாமலும் வரேல்லை. இப்ப விலகுங்கோ."

"ஹாஜியார், நீங்களே சொல்லுங்கோ..." என்று யோகலிங்கம் திரும்பினார்.

ஹாஜியார் இந்த முறை வாயைத் திறந்தார். "பாக்க உடுங்க தம்பி. எஞ்சின் நிண்டா நாங்க மூடியத் திறந்து பாக்கிற. எஞ்சினக் கடல்ல போட்டுட்டு வேற நாள் வாறேல்ல."

நிருஜா மெல்லக் கதிரையை விட்டு எழும்பினாள். சுலோஜனா இருந்தாள். இரண்டு முறை பாராமல் விட்டதை இப்போது முதன்முறையாகப் பார்த்தாள். இடம் கேட்டவன் வரிசையில் நின்றான். ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், வொலியூமை உருவாக்கித் தருபவர் வரும்வரை காத்திருக்கிறேன் என்று ஒரே வரியில் பதில். கேள்வியில் பிழையில்லை, வட்டிலும் பிழையில்லை. கொடுப்பவனைக் காணவில்லை. ஸ்டோர்கீப்பர் எத்தனை பேர் வேலையில் என்று கேட்டாள்.

பூச்சியம்.

விழவில்லை, சாகவில்லை. பூச்சியம் போதும் என்று யாரோ கட்டளை கொடுத்திருந்தார்கள். யார் என்று கேட்டாள். கணினிக் கூட்டம் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். மனிதர்களைப்போல வசதிக்கு மறக்காது. அறையின் மூலையில், பிரதி எடுத்து வைப்பதற்காகப் போட்டிருந்த பழைய கணினி ஒன்றிலிருந்து, முக்கால் மணி நேரத்துக்கு முன், நௌபரின் பெயரில் அந்தக் கட்டளை வந்திருந்தது.

"நௌபர்."

"அக்கா..."

"ஸ்டோர்கீப்பரை நீ ஏன் நிப்பாட்டினனி?"

"நான் இப்ப நிப்பாட்டல்ல அக்கா. அது தானா நிக்கிற. சேர் சொன்ன, நான் செஞ்ச."

யோகலிங்கம் தொண்டையைச் செருமினார். ஆவணியில் ஒருநாள் மின்சாரம் போய் சேர்வர் ஒன்று பழுதானபோது சாத்திரியார் சொன்னாராம், ராகுகாலத்தில் புதிதாக ஒன்றும் தொடங்கக்கூடாது என்று. ஆட்களுக்குச் சொல்லலாம், இயந்திரத்துக்கு யார் சொல்வது? ஆகவே ராகுகாலம் தொடங்கும்போது ஸ்டோர்கீப்பரை நிறுத்தவும், முடிந்ததும் எழுப்பவும் நௌபரைக்கொண்டு ஒரு நிரல் எழுதுவித்திருக்கிறார். "உம்மட்டச் சொன்னால் சண்டைக்கு வருவீர் எண்டுதான் சொல்லேல்லை" என்றார்.

"உனக்கு ராகுகாலம் எங்க தெரியும் நௌபர்?"

"சேர்ட பஞ்சாங்கத்தில பாத்த அக்கா. ஒவ்வொரு நாளுக்கும் வேற வேற நேரம். எல்லாம் சரியாத்தான் போட்ட."

போட்டது சரிதான். சனிக்கிழமை ராகுகாலம் காலை ஒன்பது மணி தொடக்கம் பத்தரை வரை என்று நிரலில் இருந்தது. ஆனால் இப்போது பின்னேரம் மூன்று தாண்டிவிட்டது. சுலோஜனா எழும்பி மூலைக்குப் போய், பழைய கணினியின் திரையைத் துடைத்து, அதனுடைய மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நாலு வருடத்தில் அப்படி அவள் சிரித்து நௌபர் பார்த்ததில்லை.

"எல்லாரும் வந்து பாருங்கோ. இந்த மெஷினுக்கு இப்ப காலமை ஒன்பதே முக்கால்."

கொம்பனி வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒருவரும் நேரம் சொல்லிக்கொடுக்கவில்லை. அது லண்டன் நேரத்தில் இருந்தது. இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முந்தி. ராகு லண்டனில் உதித்து, உட்துறைமுக வீதிக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்தார். திங்கட்கிழமை ஒரு மணிக்கு வந்தார். இன்றைக்கு இரண்டரைக்கு. சாத்திரியார் பொறுக்கி எடுத்துக் கொடுத்த மூன்று நல்ல நேரத்திலும் ஸ்டோர்கீப்பரை நித்திரையாக்கிவிட்டு, உண்மையான ராகுகாலம் முழுக்க அவனைச் சுறுசுறுப்பாக வேலைசெய்ய விட்டிருந்தார்கள். நித்திரை ஒன்றரை மணித்தியாலம்தான். அழிக்காமல் விட்டிருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே, ஒரு பிளேன்ரீயும் குடித்து முடிய, இடம் தானாகக் கிடைத்திருக்கும். தடக்குப்பட்ட தொடக்கம் நிற்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் அழித்து அழித்தே அதைத் தடக்கியிருக்கிறார்கள்.

ஹாஜியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப ராகுவும் லண்டன் விசா எடுத்துட்டாரா தம்பி?"

சங்கத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். நிருஜா பட்டுச்சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். யோகலிங்கத்தின் முகத்தில் வெட்கம் வரும் என்று சுலோஜனா எதிர்பார்த்தாள். வந்தது நிம்மதி.

"பாத்தியளே! சாத்திரம் பிழையில்லை. மணிக்கூடுதான் பிழை. நௌபர், நேரத்தைச் சரியாக்கிவிடும். இனி ஒரு பிரச்சினையும் இராது. நாலு மணிக்கு அது எழும்பட்டும், அதுக்குப் பிறகு நேரம் கொஞ்சம் சுமார்தான், பரவாயில்லை..."

நௌபர் தலையாட்டிக்கொண்டு மூலையை நோக்கி நகர்ந்தான். உண்மையை ஒரு மனிதரின் கண்ணுக்கு முன் வெளிச்சம் போட்டுக் காட்டலாம். அவர் அந்த வெளிச்சத்தில் தன் பஞ்சாங்கத்தைத் தேடி எடுப்பதை யார் தடுக்க முடியும்?

சுலோஜனா தன் கதிரைக்குத் திரும்பினாள். ஸ்டோர்கீப்பரை எழுப்பினாள். பெண்டிங் என்று நின்ற எழுத்து மாறியது. இடம் கிடைத்தது, எச்சரிக்கைத் திட்டம் எழும்பியது. ஹாஜியாரின் சேர்ட் பையில் கைபேசி நடுங்கியது. எடுத்துப் பார்த்து, எழுத்துக்கூட்டி உரத்து வாசித்தார்: "வடகிழக்குக் காற்று பலக்கும். இன்று பின்னேரம் முதல் சிறு படகுகள் இறங்க வேண்டாம்."

"ஸ்டோர்கீப்பரை நிப்பாட்டுற நிரலை நான் இப்ப அழிக்கப்போறன்" என்றாள் சுலோஜனா. "சேர் சொன்ன மாதிரித்தான், முழுக்க அழிக்கப்போறன்."

"அதை விடும். நேரத்தை மட்டும் மாத்தினால் காணும்" என்றார் யோகலிங்கம்.

சுலோஜனா அவரை விட்டுவிட்டு ஹாஜியாரைப் பார்த்தாள். "ஹாஜியார், நல்லா விளங்கிக்கொள்ளுங்கோ. ஒரு மெஷின் விழுந்தால், கனக்கப் படகு ஒரேயடியாப் பதிஞ்சால், இந்தத் திட்டத்துக்குப் புது இடம் தேவைப்படும். அது ராகுகாலமா இருந்தால் ஒன்றரை மணித்தியாலம் கிடையாது. அந்த நேரம் காத்து அடிச்சால் உங்களுக்கு அறிவித்தல் வராது. சேருக்கு அது சம்மதமாம். உங்களுக்குச் சம்மதமோ?"

ஹாஜியாரின் சிரிப்பு நின்றது. அவருடைய படகுகளில் ஒன்று முந்தின வாடையில் திரும்பாமல் போனதை அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி யோகலிங்கம்," என்றார், "எங்கட ஆக்கள் கடல்ல நிக்கக்க உங்கட ஸ்டோர் தூங்குமெண்டா, நாங்க மட்டக்களப்புக் கொம்பனி ஒண்டப் பாக்கம். இந்தப் புள்ளதான் இதப் பாக்கணும். வேற ஆளெண்டா எங்களுக்கு வேணாம்."

யோகலிங்கம் உடனே சம்மதித்தார். "அழியும், அழியும்" என்றார், வழக்கமான பதற்றத்தோடு. இதைப் பகுத்தறிவின் வெற்றி என்று யாராவது எழுதினால் அது பொய். அந்த அறையில் வென்றது பயம். ராகுவைவிட வாடிக்கையாளர் பெரிய கிரகம் என்று அவர் கண்டுகொண்டார். அவ்வளவுதான்.

நிரலை அழித்து, பழைய கணினியிலிருந்து நௌபரின் அனுமதியையும் பிடுங்கியபின் சுலோஜனாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. எழும்பி, சேர்வர்களுக்கு மேலே இருந்த போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, மடக்கு மடக்கென்று குடித்தாள்.

"அக்கா, அது ஓதினது!"

"தண்ணிதானே. கொஞ்சம் பிளாஸ்ரிக் மணக்குது. நாளைக்குப் புதுசா வை, அறைக்கு வெளியில வை."

பில் போடும் பகுதியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. மன்னிப்பும் இல்லை. சாத்திரியாருக்கு ஒரு குறையும் வரவில்லை. மூன்று நேரமும் பிழையாய்ப் போனதற்கு மணிக்கூடுதான் காரணம் என்று அவரும் சொல்லிவிட்டாராம். சல்லியில் இன்னும் செவ்வாய்தான் லதீசனைக் கொன்றது. கந்தளாய் வீதியில் அந்த முதலாளியின் டிப்பர்கள் இன்னும் நித்திரை கொள்ளாத சாரதிகளோடு ஓடுகின்றன. அவற்றின் மணிக்கூட்டைப் பார்க்க ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

சுலோஜனாவிடம் மட்டும் ஒரு மாற்றம். புது வேலை எதையும் அவள் இப்போது ராகுகாலத்தில்தான் தொடங்குகிறாள். திங்கட்கிழமை என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கே வந்துவிடுவாள். மான்கள் வாசலை விட்டு அசையாமல் வழிவிடாது நிற்கும். அவற்றைச் சுற்றிப் படியேறுவாள். இது யோகலிங்கத்தைச் சீண்டுவதற்கா என்று நிருஜா ஒருநாள் கேட்டாள்.

"அவரைச் சீண்டி எனக்கென்ன லாபம்?" என்றாள் சுலோஜனா. "இந்த ஒன்றரை மணித்தியாலத்தில ஒருத்தரும் ஒண்டும் தொடங்கப் பயம். பின்னறைப் பக்கம் ஒரு சனம் வராது. நிம்மதியா வேலை செய்யலாம்."